வீட்டு ரசத்துக்கு வெளியில் கொடுக்கிற விலை

போன மாதம் கல்லூரித் தோழிகள் நாலு பேரும் ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போயிருந்தோம். பழைய வீடு ஒன்றை எடுத்து, சுவர்களை இடிக்காமல், அறைக்கு மூன்று மேஜை என்று போட்டு நடத்துகிறார்கள். மெனுவில் வித்தை எதுவும் கிடையாது. பருப்பு ரசம், உருளைக்கிழங்கு ரோஸ்ட், வத்தக்குழம்பு, மிளகுக் கோழி, சுட்ட அப்பளம், கடைசியில் தயிர்சாதமும் மோர் மிளகாயும். ராத்திரி ஏழு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்தபோது பத்தரை. பில் நாலு பேருக்கும் சேர்த்து 3,800 ரூபாய்.

பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் தோழி பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "ஏண்டி, இதையே வீட்ல செஞ்சா ஐந்நூறு ரூபாகூட ஆகாதேடி. அப்புறம் எதுக்கு இங்க வர்றோம்?"

நியாயமான கேள்வி. பீட்சாவுக்கோ, வீட்டு அடுப்பில் வராத தந்தூரி ரொட்டிக்கோ காசு கொடுத்தால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. தினமும் நம் கையால் வைக்கிற ரசத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய் என்றால் கேட்கத்தான் தோன்றும். சென்னை, கோவை, பெங்களூரு என்று எல்லா ஊரிலும் இந்த மாதிரி இடங்கள் பெருகியிருக்கின்றன. வீட்டுச் சாப்பாடு, விலை கொஞ்சம் அதிகம், கூட்டாளிகளோடு சாவகாசமாக உட்காரலாம். இவை ஏன் வந்தன, அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வகைச் சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் கம்ஃபர்ட் ஃபுட் என்று பேர். அமெரிக்காவில் 1966லேயே ஒரு ஃப்ளோரிடா நாளிதழில் அந்தச் சொல் வந்திருக்கிறது. மன அழுத்தத்தில் இருக்கிற பெரியவர்கள், சின்ன வயதில் கிடைத்த பாதுகாப்பை நினைவூட்டும் சாப்பாட்டைத் தேடிப் போகிறார்கள் என்கிற பொருளில் அதை எழுதியிருந்தார்கள். அம்மா செய்த முட்டை, கோழி சூப் அவர்களுடைய உதாரணம். நமக்கு அதற்கென்று தனிச்சொல் இல்லாவிட்டாலும் விஷயம் தெரியாதவர் யாருமில்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் ரசம் சாதம். ரயிலில் ராத்திரிப் பயணத்துக்குப் புளிசாதம். ஹாஸ்டலிலிருந்து வந்த பிள்ளைக்கு மீன்குழம்பு. எந்தக் குழம்பு என்பது வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

இந்தச் சாப்பாடு நிஜமாகவே மனசை ஆற்றுகிறதா என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ட்ரேசி மான் என்பவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. சோகமான படக்காட்சிகளைக் காட்டி மனசை வாட வைத்துவிட்டு, சிலருக்கு அவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஆறுதல் சாப்பாட்டையும், சிலருக்கு வேறு சாப்பாட்டையும் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோர் மனசும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறிவிட்டது. சாப்பாட்டுக்கென்று தனி மகிமை எதுவும் தெரியவில்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2011இல், பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டன் ட்ரொய்சியும் ஷிரா கேப்ரியலும் வேறு கோணத்தில் பார்த்திருந்தார்கள். ஆறுதல் சாப்பாடு என்று ஒருவர் எதைச் சொல்கிறாரோ அது அவருக்கு நெருக்கமான மனிதர்களின் நினைவோடு கட்டுண்டிருக்கிறது. உறவுகளில் பிடிப்புள்ளவர்களுக்கு அது தனிமை உணர்வைக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்டது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: ரசத்துக்குள் இருப்பது மிளகும் சீரகமும்தான், ஆறுதல் அந்த ரசத்தை வைத்துக் கொடுத்த ஆளிடமிருந்து வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு கரண்டி விட்டுக்கோ" என்று சொன்ன ஆள்.

இங்கேதான் எங்கள் நாலு பேருக்கும் ஒரு சிக்கல். அந்த ஆள் இப்போது நாங்களே.

வீட்டில் ஆறுதல் சாப்பாடு என்றால் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட, ஒருவர் நின்று பரிமாற வேண்டும். நம் வீடுகளில் நிற்பவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிஷம். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்களுக்கு 97 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம்தான் குறைவு. அந்த ஐந்து மணி நேரத்தின் பெரும்பகுதி அடுப்படியில்தான் கழிகிறது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போன ரசத்தை அடிவண்டலோடு ஊற்றிக்கொண்டு உட்காருகிறவளுக்கு அது ஆறுதல் சாப்பாடாக இருக்க முடியாது.

அன்றைக்கும் ரசம் வந்தவுடன் எங்களில் ஒருத்தி, வங்கியில் மேனேஜர், சட்டென்று எழுந்து கரண்டியை எடுத்துவிட்டாள். மற்ற மூன்று பேருக்கும் ஊற்றப் போனாள். பரிமாற வந்த பெரியவர், "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள். ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தோழியின் ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் பருப்பு, புளி, நெய், கேஸ் எல்லாம் இருந்தன. நிற்கப் போகிற ஆளுக்கு அதில் கணக்கில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால், யார் வீட்டில் கூடினாலும் அது நடக்காது. அந்த வீட்டுக்காரி எழுந்துகொண்டேதான் இருப்பாள்.

சரி, வெளியே போவதென்றால் இத்தனை நாளாகக் கடைகள் இல்லையா? இருந்தன. ஆனால் அவை உட்காருவதற்காகக் கட்டப்பட்டவை இல்லை.

நம் ஊர் ஹோட்டல் என்பதே வேகத்தின்மீது நிற்பது. மெஸ்ஸில் டோக்கன் வாங்கி, இலையில் உட்கார்ந்து, இருபது நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும். மோர் ஊற்றும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். டிபன் கடைகளில் காபி பாதி குடிக்கும்போதே பில் மேஜைக்கு வந்துவிடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்துக்கு வேலைக்கு வந்த தனிக்கட்டைகளுக்கும், ஆபீஸ்காரர்களுக்கும் மலிவாக, சுத்தமாக, நேரத்துக்குச் சோறு போட்டு வளர்ந்த தொழில் அது. தனிக்கட்டைகள் வாடகைக்குத் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் அவற்றைச் சுற்றியிருக்கும் மெஸ்களும் ஒன்றில்லாமல் மற்றது இருந்திருக்காது.

யாரோடு யார் உட்காரலாம் என்பதே நெடுங்காலம் சண்டையாக இருந்த ஊர் இது என்பதையும் மறக்கக் கூடாது. ஹோட்டலுக்குள் நுழைய சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவிலேயே எழுதிவைக்க வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால், பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்கிற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் பெரியாரின் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் நடத்தியது. கடைசியில் அந்தச் சொல் போனது. எங்கள் நாலு பேரில் இரண்டு பேரின் பாட்டிமார்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒரே கிண்ணத்திலிருந்து நாங்கள் ரசம் ஊற்றிக்கொள்வதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பெண்களுக்கு இன்னொரு தடை. நண்பர்களோடு உட்கார்ந்து பேச ஆண்களுக்கு டீக்கடை இருந்தது, ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கலாம். பெண்களுக்கு ஹோட்டலில் ஃபேமிலி ரூம். திரை போட்ட, காற்று வராத அறை. பேரே சொல்கிறது, குடும்பத்தோடு வந்தால் உட்காரலாம். தோழிகளோடு வந்தவர்களை அந்தப் பேருக்குள் எங்கே வைப்பது? ராத்திரி எட்டு மணிக்கு நாலு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார வெளிச்சம் வேண்டும், சுத்தமான கழிவறை வேண்டும், முறைத்துப் பார்க்காத சர்வர் வேண்டும், திரும்பிப் போகும்போது வாசலிலேயே ஆட்டோ வந்து நிற்கிற தெரு வேண்டும். இத்தனையும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற இடம் ஊரில் கொஞ்சம்தான். அதில் பெரும்பாலானவை விலை அதிகமான இடங்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிற உண்மை.

விதிவிலக்காகச் சென்னையில் ஒரு இடம் இருந்தது. கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரத்தடியில் காரை நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டி டிபன் வைப்பார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே உட்காரலாம். ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மாணவர்கள், வக்கீல்கள், விற்பனைப் பிரதிநிதிகள், சினிமாக்காரர்கள் என்று எல்லோருக்கும் அது கூடுமிடமாக இருந்தது. 2008இல் மூடினார்கள். அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மலிவான விலையில் மூன்று மணி நேரம் உட்கார ஒரு மேஜை என்பது அதோடு போனது. அந்தத் தோசைக்கு அந்த விலை கட்டுப்படியானது பெரும்பாலும் அந்த நிலத்தால்தான். ஊருக்கு நடுவில் அத்தனை பெரிய, மரங்கள் நிறைந்த இடத்தை இன்றைய வாடகைக்கு எடுத்து யாராலும் காபி விற்க முடியாது.

விலையின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஹோட்டல்காரர்கள் சாப்பாட்டை விற்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கணக்குப் பார்ப்பது நாற்காலியை.

உதாரணத்துக்கு நாற்பது நாற்காலி உள்ள ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை சாப்பாடு. ஒருவருக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம். ஒரு நாற்காலியில் ஏழு பேர் மாறி மாறி உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், சாப்பாடு 120 ரூபாய் என்றால், அந்த நாற்காலி மூன்று மணி நேரத்தில் 840 ரூபாய் சம்பாதிக்கிறது. இப்போது அதே நாற்பது நாற்காலி, ஆனால் சாவகாசமாக உட்காரும் இடம். ஏழு மணிக்கு வந்தவர்கள் பத்தரைக்குத்தான் போகிறார்கள். ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள். மெஸ்ஸின் அளவுக்குச் சம்பாதிக்கவே ஒருவரிடம் 840 ரூபாய் வாங்கியாக வேண்டும். எங்களுக்குத் தலைக்கு 950 வந்தது. மீதி நூற்றுப் பத்து ரூபாயில்தான் பீங்கான் தட்டு, ஏசி, பருத்தி நாப்கின், ஆழ்வார்பேட்டை வாடகை, வரி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது என்பதால்தான் அந்தக் கடைகள் மதியச் சாப்பாட்டையும் காபி நேரத்தையும் சேர்த்து ஓட்டுகின்றன. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பில் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2017 நவம்பரிலிருந்து தனி ரெஸ்டாரண்டுகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கேட்கக் குறைவாக இருக்கிறது. ஆனால் அந்த விகிதத்தில் வசூலிக்கிற கடை, தான் கட்டும் வாடகைக்கும் வாங்கும் சாமான்களுக்கும் போன வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த வரி பில்லின் அடியில் தனி வரியாக வராமல் ரசத்தின் விலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரிய நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டுகளில் 18 சதவீதம், அங்கே கழித்துக்கொள்ளும் வசதி உண்டு.

சர்வீஸ் சார்ஜ் என்று 5, 10 சதவீதம் போட்டிருந்தால் அது அரசு வரி இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். நாங்கள் எடுக்கச் சொல்லிவிட்டு, கரண்டியை வாங்கிக்கொண்ட அந்தப் பெரியவர் கையில் நேராகக் கொடுத்துவிடுவோம்.

சென்னைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மும்பையிலும் பெங்களூரிலும் இப்படிப்பட்ட ரெஸ்டாரண்டுகள் பானங்களில் லாபம் பார்த்து, சாப்பாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் கிளப்புகளுக்கும்தான். தனியாக நடக்கிற ரெஸ்டாரண்ட் சோற்றிலும் காபியிலும்தான் எல்லாவற்றையும் சம்பாதிக்க வேண்டும். அதனால் விலை கூடுகிறது. அதே காரணத்தால்தான் சென்னையில் இப்படிப்பட்ட இடங்கள் பாட்டி முதல் பேத்தி வரை வந்து உட்காருகிற மாதிரி இருக்கின்றன என்றும் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காசு அறைக்கு என்ன செய்கிறது? முதலில் சத்தத்தைக் குறைக்கிறது. இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். 1911இல் எத்தியென் லொம்பார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கண்டுசொன்னார், அவர் பேராலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். ஒரு மேஜை குரலை உயர்த்தினால் அடுத்த மேஜை அதைவிட உயர்த்தும். அரை மணி நேரத்தில் மொத்தக் கடையும் கத்திக்கொண்டிருக்கும். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், ஸ்டீல் தட்டு என்று எல்லாம் கெட்டியாக இருக்கிற இடத்தில் ஒலி போக வழியில்லாமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். ஒரு பெரிய கூடத்துக்குப் பதிலாக மூன்று மேஜை உள்ள சின்ன அறைகள், கனமான திரைச்சீலை, மரம், மேஜைத் துணி இவையெல்லாம் அந்தச் சங்கிலியை அறுக்கின்றன. எங்கள் நாலு பேரில் ஒருத்திக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அந்த அறையில்தான் வெகுநாளைக்குப் பிறகு அவள் "என்ன, என்ன?" என்று கேட்காமல் பேசினாள்.

நாக்குக்கும் சத்தத்துக்கும்கூட தொடர்பு உண்டு. 2015இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விமானத்துக்குள் இருக்கும் அளவு இரைச்சலைக் காதில் போட்டு, ஆட்களைச் சுவை பார்க்க வைத்தார்கள். இனிப்பு மங்கியது. தக்காளி, காளான் போன்றவற்றில் இருக்கும் உமாமி என்கிற சுவை தூக்கலாகத் தெரிந்தது. வாழைப்பழப் பாயசத்தின் மென்மையான இனிப்பு இரைச்சலான கடையில் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் விளக்கு, எதிரில் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு. மெனுவைப் படிக்க ஃபோன் டார்ச்சைத் தேட வேண்டியிருந்தால் அது அழகு இல்லை, தொந்தரவு.

இனி சாப்பாடு. ஆறுதல் சாப்பாட்டை உயர்ந்த விலைக்குக் கொண்டுபோக இரண்டு வழி இருக்கிறது. அமெரிக்காவிலேயே இரண்டுக்கும் நல்ல உதாரணம் உண்டு. நியூயார்க்கில் டேனியல் பூலூ என்கிற பிரெஞ்சு சமையல் கலைஞர் 2001இல் சாதாரண மாட்டிறைச்சி பர்கருக்குள் வாத்தின் கொழுத்த ஈரலையும் மணிக்கணக்கில் வேகவைத்த விலா இறைச்சியையும் வைத்து, 25 டாலருக்கு மேல் விலை போட்டார். ஊரே பேசியது. பண்டத்தை மாற்றி விலையை ஏற்றும் வழி இது. கலிஃபோர்னியாவின் யவுண்ட்வில்லில் தாமஸ் கெல்லர் 2006இல் வேறு மாதிரி செய்தார். மிஷலின் என்கிற உணவக வழிகாட்டி நூலின் மூன்று நட்சத்திரம் பெற்ற ஃப்ரெஞ்ச் லாண்டரி ரெஸ்டாரண்டின் சொந்தக்காரர், அட் ஹாக் என்று ஒரு கடையைத் தற்காலிகமாகத் திறந்தார். நாளுக்கு ஒரே ஒரு மெனு. பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள், மேஜையில் இருப்பவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பொரித்த கோழி போடும் நாளுக்காகக் கூட்டம் காத்திருந்தது. கொஞ்ச நாளில் மூடிவிட்டு வேறு கடை வைக்க நினைத்தவரால் மூடவே முடியவில்லை. அங்கே கோழி கோழியாகத்தான் இருந்தது. கோழியின் தரம், ஊறவைக்கும் முறை, எண்ணெயின் பக்குவம் இவற்றில்தான் உழைப்பு.

நான் இரண்டாவது கட்சி. ரசத்தை நுரையாக்கிக் கண்ணாடிக் குழாயில் கொண்டுவருகிற இடங்களுக்கும் போயிருக்கிறேன். அந்தச் சமையல்காரரின் திறமையை மதிக்கிறேன். ஆனால் அது வேறு சந்தோஷம். காய்ச்சல் விட்டவளுக்கு அது ரசம் ஆகாது.

நம் சமையலுக்குப் பெரிய மேஜையில் இடம் கிடைத்ததே சமீபத்தில்தான். சென்னையில் 1989இல் பார்க் ஷெராட்டன் விடுதியில் தக்ஷின் என்கிற ரெஸ்டாரண்ட் திறக்கும் வரை, நட்சத்திர விடுதி என்றால் பெரும்பாலும் வடஇந்தியச் சாப்பாடு, சைனீஸ், கான்டினென்டல்தான். தென்னிந்தியச் சமையலை வாழையிலையும் வெள்ளிக் கிண்ணமுமாக அங்கே உட்கார வைத்தது தக்ஷின். அதற்காகச் செஃப் பிரவீண் ஆனந்த் வீடு வீடாகச் சமையல் குறிப்புகளைச் சேகரித்தது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. 2021இல் நியூயார்க்கில் செம்மா என்கிற தென்னிந்திய ரெஸ்டாரண்ட் வந்தது. அதன் செஃப் விஜய் குமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டதை நண்பர்களிடம் சொல்லவே கூச்சப்பட்டவர், அதே நத்தைப் பிரட்டலை அந்த மெனுவில் வைத்தார். 2022இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று, அமெரிக்கச் சமையல் உலகின் ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்க வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒளித்துவைத்ததை, மாற்றாமல் அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

சரி, மேஜைக்கு வருவோம். நண்பர்களோடு போகும்போது ஆர்டர் பண்ணுவதிலேயே நம் பழக்கம் மாறியிருக்கிறது. நமக்கு இலை என்பது தனித்தனி. பரிமாறுகிறவர் ஒவ்வொருவரிடமும் வருவார், அடுத்தவர் இலையில் கை வைப்பது எச்சில். நடுவில் கிண்ணங்களை வைத்துப் பகிர்ந்துகொள்வது ஹாஸ்டலில் கற்ற பழக்கம். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, எட்டுப் பண்டத்தையும் எல்லோரும் ருசி பார்க்கிறோம். பகிர்ந்து சாப்பிடுவதால் பில்லையும் சமமாகப் பிரிக்கிறோம். இதைப் பற்றியும் ஒரு பரிசோதனை இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு ரெஸ்டாரண்டில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுக்க வேண்டும் என்றபோது தலைக்குச் சுமார் 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்றபோது 51. வேறொருவர் கொடுக்கிறார் என்றபோது 82. ஆனால் அந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். முப்பது வருஷத் தோழிகளிடம் இது அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். எங்களில் ஒருத்திக்கு இந்த வருஷம் கை கொஞ்சம் கடிப்பு, தையல் யூனிட்டில் ஆர்டர் குறைந்துவிட்டது. அன்றைக்கு மற்ற மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி விலை குறைந்தவற்றையே ஆர்டர் பண்ணினோம். அவள் கவனித்தாளா தெரியாது. இன்னொரு நாள் வீட்டிலேயே செய்து எடுத்துவருகிறேன், பீச்சில் சாப்பிடலாம் என்றாள். சரி என்றிருக்கிறோம். சமையலுக்கு நாங்களும் போய் நிற்பதாகப் பேச்சு.

எல்லா இடமும் நல்லபடியாக அமைந்துவிடாது. இதற்கு முந்தின தடவை போன ஒரு கடையில், தயிர்சாதம் வருவதற்குள்ளேயே, "மேடம், ஒன்பது மணிக்கு இந்த டேபிளுக்கு வேற புக்கிங் இருக்கு" என்றார்கள். முன்பதிவு செய்தபோது இரண்டு மணி நேரம்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. உட்காருவதற்கான விலையை வாங்கிக்கொண்டு, மெஸ்ஸின் வேகத்தில் எழுப்பினார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கே மறுபடி போகவில்லை. அதிலிருந்து ஃபோனில் புக் பண்ணும்போதே கேட்டுவிடுவது வழக்கம்: எத்தனை மணி வரை உட்காரலாம், வட்ட மேஜை இருக்கிறதா, பாட்டுச் சத்தம் அதிகமா. வெள்ளி, சனி வேண்டாம். செவ்வாய், புதன் என்றால் கூட்டம் குறைவு, அடுத்த புக்கிங் அவசரம் இருக்காது, சமையலறையும் நிதானமாக இருக்கும்.

டீச்சர் தோழியிடம் நாற்காலிக் கணக்கையும் 299 நிமிஷக் கணக்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். வகுப்பு நேரத்தில் அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது, சாயங்காலம்தான் பதில் வந்தது. ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் தன் கூலியைப் போட மறந்துவிட்டாளாம். வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அதே ஆழ்வார்பேட்டை வீடு, உள்ளறையில் வட்ட மேஜை. அன்றைக்கு மோர் மிளகாய் இருக்குமா என்று மட்டும் கேட்டு வைக்கச் சொல்லியிருந்தாள். கேட்டேன், இருக்கும் என்றார்கள்.